இலக்கமும் கைநாட்டே!

சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்களிலே வாழும் நம் மக்களுக்கு ‘நீ யார்?’ என்ற கேள்வி புதியதன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அந்தக் கேள்வியைக் கேட்டது. விடையைக் கேளாமலே அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் அவர்களைத் தலைக்கணக்கிலே பங்கிட்டது. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்கு அஞ்சி லயன்களை விட்டு ஓடியவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு பிறப்புப் பத்திரங்களையும் இழந்தார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்னரே எஞ்சியிருந்தோர் குடிமக்களாயினர். ஐம்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்து பெற்ற அந்த அடையாளத்தை, முகமறியாத ஒருவன் இன்று ஐந்து நிமிடத் தொலைபேசிப் பேச்சிலே கவர்ந்து செல்கிறான். அடையாளத்தோடு வங்கியிலுள்ள பணமும் போய்விடுகிறது.

கள்வனின் தந்திரம் பெரிய வித்தையன்று. “வங்கியிலிருந்து பேசுகிறோம், ஐயா, உங்கள் ஏ.டி.எம். கார்ட் இன்று மாலையோடு செயலிழந்துவிடும்” என்று பணிவான குரல் ஒன்று சொல்கிறது. அல்லது சீட்டிழுப்பிலே பரிசு விழுந்திருப்பதாகச் சொல்கிறது. தபாற்கந்தோரிலே உங்கள் பெயருக்குப் பொதி ஒன்று தங்கிக் கிடக்கிறதென்று குறுஞ்செய்தி வருகிறது. அஸ்வெசும கொடுப்பனவைப் புதுப்பிக்க வேண்டுமென்று இன்னொன்று வருகிறது. வேடங்கள் பல; கேட்கும் பொருள் ஒன்றே. முதலில் அடையாள அட்டை இலக்கம். அடுத்து கணக்கு இலக்கம், அல்லது கார்ட்டிலுள்ள இலக்கம். இறுதியாக, “இப்பொழுது உங்கள் கைபேசிக்கு ஓர் எண் வரும், அதை வாசித்துச் சொல்லுங்கள்” என்கிறான்.

ஓ.டி.பி. என்று வழங்கும் அந்த எண்ணின் பொருளை நம் மக்களுக்கு எவரும் விளக்கிச் சொல்லவில்லை. எங்கோ ஓர் அறையிலே இருந்துகொண்டு, நம் தொழிலாளியின் பெயரால் வங்கியின் இணையச் சேவைக்குள்ளே நுழைய முயல்கிறான் கள்வன். கேட்பவர் கணக்குக்குரியவர்தாமா என்று அறிந்துகொள்ள, வங்கியின் கணினி அவருடைய கைபேசிக்கே அந்த எண்ணை அனுப்புகிறது. அதை வாசித்துச் சொல்லுகிறவர் ‘ஆம், நானே’ என்று கைநாட்டு வைத்துக் கொடுக்கிறார். அது எண்ணன்று, பெருவிரல் ரேகை. வெற்றுத் தாளிலே கைநாட்டு வைக்க மறுக்கும் மூதாட்டி கூட இந்த எண்ணைச் சொல்லிவிடுகிறாள்; ஏனென்றால் கைநாட்டின் விலையை அவளுடைய பாட்டனார் அவளுக்குச் சொல்லியிருக்கிறார், இதன் விலையை ஒருவரும் சொல்லவில்லை. ஒன்றை உறுதியாக அறிந்துகொள்வோமாக: நம் கணக்குக்குப் பணம் வந்து சேருவதற்கு எந்த இரகசிய எண்ணும் வேண்டியதில்லை. எண் கேட்கப்படுகிறதென்றால் பணம் வெளியே போகப் போகிறதென்றே பொருள்.

அடையாள அட்டை இலக்கத்தையும் வெறும் இலக்கமென்று எண்ணிவிடக் கூடாது. 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்கங்களில் முதல் நான்கு பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாளிலே பிறந்தார் என்பது. பெண்ணாயின் அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். பழைய ஒன்பது இலக்க அட்டையும் இதே முறையிலமைந்ததுதான். ஆண்டுக்கு இரண்டு இலக்கம் மட்டும். ஆகவே இலக்கம் தெரிந்தவனுக்குப் பிறந்த திகதியும் தெரியும், ஆணா பெண்ணா என்பதும் தெரியும். அவன் அதைத் திருப்பிச் சொல்லும்போது, “இவருக்கு என் பிறந்த நாளே தெரிந்திருக்கிறது, வங்கிக்காரர்தாம்” என்று நம் தொழிலாளி நம்பிவிடுகிறார். கடையிலே, தவணைக் கடன் கொடுக்கும் கம்பனியிலே, சிம் அட்டை விற்பவனிடத்திலே அடையாள அட்டைப் பிரதிகளைக் கேட்டபோதெல்லாம் கொடுத்து வந்திருக்கிறோம். அந்தத் தாள்கள் பிறகு எந்தக் கைக்குப் போயின என்று கேட்டவர் யார்?

இரத்தினபுரி மண்ணிலே இதற்கு நல்ல உவமையொன்று உண்டு. கெவுடா எனப்படும் பால்நிறக் கல்லை மதிப்பில்லாததென்று நம் நாட்டார் ஒரு காலத்தில் ஒதுக்கி வைத்திருந்தனர். 1970களிலே தாய்லாந்து வணிகர் வந்து அதை அற்ப விலைக்கு அள்ளிச் சென்றனர். உலையிலிட்டுச் சூடேற்றி நீலக்கல்லாக்கி விற்றனர். கல் நம்முடையது, விலை அவர்களுடையது. இன்று நம் கையிலிருக்கும் பன்னிரண்டு இலக்கமும் அத்தகைய கெவுடாவே.

தோட்ட மக்களிடம் திருடுவதற்கு என்ன இருக்கிறதென்று கொழும்பிலே கேட்பார்கள். 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் உயர்ந்த நாட்சம்பளத்திலிருந்து நூற்றுக்கு எட்டு வீதம் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகிறது. தோட்ட நிருவாகம் பன்னிரண்டு வீதம் சேர்க்க வேண்டும். 1958ஆம் ஆண்டின் சட்டம் ஏற்படுத்திய அந்த நிதி, பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் மொத்தமாகக் கைக்கு வருகிறது. வாழ்நாள் முழுவதும் கொழுந்து பறித்த கை பெரிய தொகை ஒன்றைக் காணும் நாள் அதுதான். எந்த லயனில் யாருக்குப் பணம் வந்தது என்பதோ பிரட்டுக்களம் முழுவதும் அறிந்த செய்தி. தொலைபேசிக் கள்வனுக்கு முன்னரே உள்ளூர் உறவினர் ஒருவர் வந்துவிடுகிறார். போட்ட பணம் மூன்று மாதத்தில் இரட்டிக்கும், இன்னும் இருவரைச் சேர்த்தால் மேலும் பெருகும் என்கிறார். இது பிரமிட் திட்டம். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித் தொழிற் சட்டத்தின் 83இ பிரிவு இதைக் குற்றமாக்கியிருக்கிறது. அழைத்து வருகிறவர் நம் மாமனாயினும் மருமகனாயினும், கற்பித்த ஆசிரியராயினும் சட்டம் வேறுபாடு காட்டாது.

இனி, சொல்லக் கூசும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சில தோட்டங்களில் ஏ.டி.எம். கார்ட்டைப் பின் இலக்கத்தோடு கடைக்காரரிடமோ வட்டிக்காரரிடமோ அடகு வைக்கும் வழக்கம் இருக்கிறது. சம்பளம் விழுந்ததும் அவரே எடுத்துக்கொண்டு, கடன் கழித்து மிச்சத்தைக் கொடுக்கிறார். எவ்வளவு கழித்தார் என்பது அவருக்கே வெளிச்சம். நம் முன்னோர் காலத்திலே ‘துண்டு’ என்றொரு தாள் இருந்தது. தொழிலாளியின் தலைமீதுள்ள கடனை அதிலே எழுதி வைப்பார்கள். அதைச் செலுத்தும் தோட்டம் அவனைப் பெற்றுக்கொள்ளும். எழுதியிருந்ததை அவனால் வாசிக்க முடியாது. 1921இல் துண்டு ஒழிக்கப்பட்டது. நூறாண்டு கழித்து, சட்டம் ஒழித்ததை நாமே பிளாஸ்டிக் அட்டையாக்கிப் பிறர் கையிலே கொடுப்பதா?

இளைஞருக்கும் ஒரு வார்த்தை. “உன் வங்கிக் கணக்கைச் சில நாள் எனக்கு விடு, வரும் பணத்தை எடுத்துக் கொடு, உனக்குப் பங்கு தருகிறேன்” என்பவன் திருடிய பணத்தை மறைக்க உன்னைத் தேடுகிறான். பொலிஸ் விசாரணை முதலில் வந்து நிற்பது கணக்குக்குரியவனின் லயன் வாசலிலே. தாய்லாந்திலே கணினி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்டு, மியன்மாரின் மியாவடி முகாம்களிலே பிறரை ஏமாற்றும் தொழிலுக்கு அடிமைகளாக்கப்பட்ட இலங்கையரின் செய்தி 2024இல் வெளிவந்தது. வேலையற்ற இளைஞர் நிறைந்த தோட்டங்களுக்கு அச்செய்தி தூரத்துச் செய்தியன்று.

மக்கள் விழிப்பாயிருக்க வேண்டுமென்று சொல்லிவிட்டு, வங்கிகளும் அரசாங்கமும் கை கழுவிக்கொள்ள விடமாட்டோம். கள்வன் தமிழிலே பேசுகிறான். வங்கியோ பெரும்பாலும் ஆங்கிலத்திலே எச்சரிக்கிறது. ‘இந்த எண்ணை எவருக்கும் சொல்லாதீர்’ என்ற வாக்கியம், அதைப் படிக்க இயலாதவரின் கைபேசியிலே ஆங்கில எழுத்தில் வந்து கிடக்கிறது. பணம் போன பின் பொலிஸ் நிலையத்துக்குச் சென்றால் முறைப்பாடு சிங்களத்திலே எழுதப்படுகிறது. அதிலே என்ன எழுதப்பட்டதென்று அறியாமலே தொழிலாளி கையொப்பமிட்டு வருகிறார். சிங்களம் நிருவாக மொழியாயுள்ள மாகாணத்திலும் தமிழர் ஒருவர் அரச அலுவலரோடு தமிழிலே கருமமாற்றவும் தமிழிலே மறுமொழி பெறவும் உரிமையுடையவர் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை கூறுகிறது. பலாங்கொடையிலும் காவத்தையிலும் தெரணியகலையிலும் எட்டியாந்தோட்டையிலும் அவ்வுரிமை எந்த மேசையிலே கிடைக்கிறது?

இழப்பு யாரைச் சாரும் என்ற கேள்வியும் இருக்கிறது. இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஒரு விதி செய்தது: வாடிக்கையாளரின் தவறே காரணமாயினும், அவர் அறிவித்த நேரத்துக்குப் பின் நேரும் இழப்பை வங்கியே ஏற்க வேண்டும். வங்கியின் தவறுமன்றி வாடிக்கையாளரின் தவறுமன்றி நேர்ந்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் அறிவித்தால் அவருக்குப் பொறுப்பே இல்லை. பிரித்தானியாவிலோ 2024 ஒக்டோபர் முதல், ஏமாற்றப்பட்டுத் தாமே பணத்தை அனுப்பியவர்க்குங்கூட 85,000 பவுண் வரையில் வங்கிகள் ஈடு செய்ய வேண்டும். அதற்கு நிபந்தனைகள் உண்டு, ஆனால் கொள்கை தெளிவானது. நம் மத்திய வங்கி 2023இல் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளை வெளியிட்டது, வரவேற்கிறோம். நாம் கேட்பது, முறைப்பாடு செய்த நிமிடத்திலிருந்து பொறுப்பு வங்கியுடையது என்று ஐயத்துக்கிடமின்றி எழுதப்பட வேண்டும் என்பதே. தைப்பு வைப்புக் காப்புறுதி பதினொரு இலட்சம் ரூபாய் வரை இருக்கிறதே என்று சிலர் ஆறுதல் சொல்வர். அது வங்கி முறிந்தால் மட்டுமே உதவும். கள்வன் கொண்டுபோன பணத்துக்கு உதவாது.

ஏமாந்துவிட்டோமென்று தெரிந்தால் வெட்கப்பட்டு வீட்டிலே இருந்துவிடக் கூடாது. கார்ட்டின் பின்புறத்திலே உள்ள வங்கியின் இலக்கத்தை உடனே அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்ல வேண்டும். பணம் இன்னொரு கணக்கிலே தங்கி நிற்கும் சிறு அவகாசம்தான் மீட்சிக்கு வழி. பிறகு வங்கிக்கு எழுத்திலே முறைப்பாடு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்க வேண்டும். பொலிசிலும் பதிய வேண்டும். வங்கி அசட்டை செய்தால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்திலே அழைக்கலாம். இக்கடிதங்களை எழுதித் தருவது தோட்டத்திலே பிறந்து படித்து ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் சட்டத்தரணியாகவும் உயர்ந்தோரின் கடன். வங்கியிலே தொழில் பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இது இரு மடங்கு கடன்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் வங்கி முகாமையாளர்களுக்கு நம் வேண்டுகோள் சிறியது. தோட்ட வாடிக்கையாளருக்குச் செல்லும் குறுஞ்செய்திகள் தமிழிலே செல்லட்டும். அடுத்த சம்பள நாளுக்கு முன்னர், தமிழறிந்த ஊழியர் ஒருவர் பிரட்டுக்களத்துக்கு வந்து, அந்த எண்ணை எவருக்கும் சொல்லலாகாது என்பதைத் தம் வாயாலே சொல்லிப் போகட்டும். வைப்புப் பணம் திரட்டுவதற்கு வரத் தெரிந்த வழிதானே அது!