மரபை நாடுவோர் யார்?

தன்பால் காதலர் என்றாலே மரபைத் தகர்க்க வந்தவர் என்று எண்ணும் நண்பர்கள் நம் விடுதியிலும் உளர். நிகேஷ், சோனு என்னும் மலையாள இளைஞர் இருவர் 2018 ஜூலையில் குருவாயூர் சென்றனர். கோயிலுக்குள் மணமுடிக்க வழியில்லை. வெளியே வண்டிகள் நிற்குமிடத்தில் மோதிரமும் மாலையும் மாற்றிக்கொண்டனர்! வயது வந்தோர் இசைந்து கொள்ளும் அத்தகைய உறவு குற்றமன்று என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததே அவ்வாண்டு செப்டம்பர் 6-ஆம் நாள்தான். 2020-இல் கேரள உயர்நீதிமன்றத்தில் அவர்கள் கேட்டதென்ன? 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு. கோயில், மாலை, பதிவேடு: இதனினும் பெரிய பழமைப் பற்று உண்டோ?

வித்துராவில் பிறந்த தமிழன் நான், தன்பால் காதலன், கோயில் திருவிழாவுக்கு வசூல் நோட்டுடன் வீடுவீடாக ஏறி இறங்குபவன். மலையாள நாட்டில் தமிழ்க் குடும்பம் பொங்கலைக் காப்பதே பெரும்பாடு; மரபின் அருமை எங்களுக்குத் தெரியும். விழாக்குழுப் பெரியவர்கள் என் உழைப்பை ஏற்பர், காதலை ஏற்கார். முற்போக்குத் தோழர்களோ என் நெற்றித் திருநீற்றைக் கண்டு நகைப்பர்.

2023 அக்டோபர் 17-இல் உச்சநீதிமன்றம், திருமண உரிமை வழங்குவது நாடாளுமன்றத்தின் வேலை என்று கைவிரித்தது. இனி அப்பெரியவர்களின் வாக்கும் வேண்டும். அவர்கள் திண்ணையில் அமர்ந்து பேச, திருநீறு பூசியவனையன்றி வேறு யாரை அனுப்பப் போகிறீர்கள், தோழர்களே?