அடுத்த கோச்சைத் தேர்ந்தெடுப்பது யார்?

2025 ஜூலைக் கடைசியில் இந்தியக் கால்பந்து ரசிகர்களுக்கு ஒரு நாள் கனவு வாய்த்தது. தேசிய அணியின் தலைமைப் பயிற்சியாளர் வேலைக்கு ஷாவி விண்ணப்பம் போட்டிருக்கிறாராம். பார்சிலோனாவின் ஷாவி; 2010-இல் ஸ்பெயினுக்காக உலகக் கோப்பையைத் தூக்கியவர். அவருக்குக் கொடுக்கிற அளவுக்குப் பணம் இல்லாததால் விண்ணப்பம் ஒதுக்கப்பட்டது என்று செய்தி வந்தபோது, ரசிகர்கள் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பைத் திட்டித் தீர்த்தார்கள். மறுநாளே கூட்டமைப்பின் விளக்கம் வந்தது: ஷாவி பெயரிலும் பெப் குவார்டியோலா பெயரிலும் வந்த மின்னஞ்சல்கள் உண்மையானவை அல்ல. தமிழ்நாட்டில் படிக்கும் ஒரு கல்லூரி மாணவர் விளையாட்டாகத் தட்டிவிட்டது அது என்று பிறகு செய்திகள் கூறின.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்த மாதம் இந்தியா உலகத் தரவரிசையில் 133-ஆவது இடத்தில் கிடந்தது. ஜூன் 10-இல் ஹாங்காங்கிடம் தோற்றிருந்தது. கோச் மனோலோ மார்க்கேஸ் எட்டு ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றியோடு மூட்டை கட்டியிருந்தார். இப்படிப்பட்ட அணிக்கு ஷாவி வருவார் என்பதை ஒரு முழு நாள் நாடே நம்பியது. அணி கீழே போகப் போக, ரசிகன் ஊகிக்கும் பெயர் மேலே மேலே போகும்.

காரைக்குடியிலும் இது நடக்கிறது. மான்செஸ்டர் யுனைடெட் தோற்ற மறுநாள் கல்லூரிச் சாலை டீக்கடைப் பக்கம் போனால் காதில் விழும். “மாப்ள, இவரைத் தூக்கப் போறாய்ங்கடா. அடுத்து யாருங்கிற?” “ஜிடான்தான் பங்காளி, எழுதி வச்சுக்க.” எழுதி வைத்தவர்கள் பல வருஷமாக எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். செட்டிநாடு கால்பந்துச் சீமை அல்ல. தை பிறந்தால் சிராவயல் மஞ்சுவிரட்டு. மற்ற மாதங்களில் கிரிக்கெட். சேப்பாக்கம் மைதானமே செட்டிநாட்டு அரச குடும்பத்து எம்.ஏ. சிதம்பரத்தின் பெயரில்தான் இருக்கிறது. கல்லூரி அணிகள் கால்பந்து ஆடுகின்றன என்றாலும், ஊரே சேர்ந்து கத்துவதற்கு ஒரு கிளப் பக்கத்தில் இல்லை. சென்னையின் எஃப்.சி. ஆடுவதை நேரில் பார்க்க வேண்டுமென்றால் அதிகாலையில் பல்லவன் ரயிலைப் பிடிக்க வேண்டும். ராத்திரி மாட்ச் தொடங்குவதற்கு முன்பே அந்தப் பல்லவன் எழும்பூரிலிருந்து திரும்பிவிடும். கேலரியில் உட்கார முடியாத ரசிகனுக்குக் கிளப்பின் விவகாரத்தில் மிச்சமிருக்கும் ஒரே பங்கு, அடுத்து வருபவர் யார் என்று ஊகிப்பதுதான். அதைக் கேலி செய்வதற்கு ஒன்றுமில்லை.

இங்கிலாந்தில் இந்த ஊகம் ஒரு தொழில். ஒரு மேனேஜரின் நாற்காலி ஆடத் தொடங்கியதுமே பந்தயக் கடைகள் அடுத்தவர் யார் என்பதற்கு விலை போட்டுவிடும். நாலு பேர் ஒரு பெயர் மேல் காசு கட்டினால் விலை மாறும். விலை மாறியது செய்தியாகும். செய்தியைப் படித்து இன்னும் பத்துப் பேர் கட்டுவார்கள். கிளப்புக்குள் யாரும் அவருடைய பெயரை உச்சரிக்காமலே ஒருவர் முன்னணி வேட்பாளர் ஆகிவிடலாம். நம் போனுக்கு ‘உறுதியான தகவல்’ என்று வந்து சேர்வதில் பாதி இப்படிக் கிளம்பியதுதான்.

ஊகம் தப்புவது பெரிய விஷயமில்லை. நிபுணர்களும்தான் தப்புகிறார்கள். 2015-இல் லெஸ்டர் சிட்டி கிளாடியோ ரானியேரியை நியமித்தபோது, அதே ஊரில் பிறந்து அதே கிளப்புக்கு ஆடிய கேரி லினேக்கரே வெளிப்படையாக முகம் சுளித்தார். காரணம் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் கிரேக்க அணி குட்டித் தீவுக்கூட்டமான ஃபாரோவிடம் தோற்று ரானியேரியை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. லெஸ்டர் சாம்பியன் ஆகும் என்பதற்குப் பந்தயக் கடை விலை ஒன்றுக்கு ஐயாயிரம். அடுத்த மே மாதம் லெஸ்டர் சாம்பியன். மறுபக்கம் டேவிட் மோயஸ். 26 ஆண்டுகள் யுனைடெட்டை ஆண்ட அலெக்ஸ் ஃபெர்குசனே கைகாட்டிய வாரிசு, ஆறு ஆண்டு ஒப்பந்தம், மைதானத்தில் அவரைப் போற்றி ஒரு பெரிய பதாகை. பத்து மாதத்தில் வெளியே.

தேடப்படும் பெயரைவிடத் தேடுகிற முறையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. அதற்கு நமக்குக் கிடைக்கும் நல்ல உதாரணம் சென்னையின் எஃப்.சி.தான்.

2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது சென்னைக்கு வந்தவர் மார்க்கோ மாட்டராஸி. ஆட்டக்காரரும் அவரே, கோச்சும் அவரே. 2015-இல் அணி ஒரு கட்டத்தில் பட்டியலின் அடியில் கிடந்து, பிறகு எழுந்து, டிசம்பர் வெள்ளத்தால் அரையிறுதியின் சொந்த மண் ஆட்டத்தைப் புனேயில் ஆட நேர்ந்து, கடைசியில் கோவாவை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று வென்று கோப்பையைக் கொண்டுவந்தது. அடுத்து ஜான் கிரிகரி. வந்த முதல் சீசனிலேயே, 2018 மார்ச்சில், பெங்களூருவில் இன்னொரு 3-2, இன்னொரு கோப்பை. அதே கிரிகரி, அதே கிளப், அடுத்த சீசன்: பத்து அணிகளில் பத்தாவது இடம். கோச்சின் கையில்தான் எல்லாம் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டு சீசன்களையும் எப்படிச் சேர்த்து விளக்குவார்கள்?

அதன் பிறகுதான் கதை வேகமெடுத்தது. 2019 டிசம்பரில் ஓவன் கோயில் வந்தார். பட்டியலின் அடிப்பகுதியில் கிடந்த அணியை இறுதிப்போட்டி வரை இழுத்துப் போனார். அடுத்த சீசனுக்கு ஜம்ஷெட்பூர் போய்விட்டார். 2020-இல் சாபா லாஸ்லோ. 20 ஆட்டங்களில் 11 டிரா. 2021-இல் போஜிதார் பாந்தோவிச். கோவாவிடம் ஐந்து கோல் வாங்கிய கையோடு சீசன் முடியும் முன்பே விடை. 2022-இல் தாமஸ் பிரதாரிச். 2023-இல் மறுபடியும் ஓவன் கோயில். நாலு ஆண்டுக்குள் ஐந்து நியமனம். ஒருவர் தற்காப்பாக ஆடச் சொன்னால் அடுத்தவர் முன்னேறி அழுத்தச் சொல்வார். ஒருவர் வாங்கிவந்த வீரர் அடுத்தவருக்கு வேண்டாதவர். ஒவ்வொரு கோடையிலும் ரசிகர்கள் புதிய பெயர்களை ஆசையோடு ஊகித்தார்கள். கிளப்பும் ஏறக்குறைய அதே மாதிரி ஊகித்துக்கொண்டிருந்ததோ என்ற சந்தேகம் எழாமல் இல்லை. 2024-25 சீசன் பதினோராம் இடத்தில் முடிந்தது. கோயில் மீண்டும் விடைபெற்றார்.

கோச்சை மாற்றினால் அணி எழுந்துகொள்ளும் என்பது ரசிகர்களின் பழைய நம்பிக்கை. நெதர்லாந்துப் பொருளாதார அறிஞர் பாஸ் டெர் வீல் தன் நாட்டு லீக்கில் 1986 முதல் 2004 வரை நடந்த மாற்றங்களை எடுத்துப் பார்த்தார். கோச்சை நீக்கிய அணிகள் பிறகு கொஞ்சம் தேறின, உண்மைதான். ஆனால் அதே மாதிரிச் சரிந்தும் கோச்சை நீக்காத அணிகளும் அதே அளவு தேறியிருந்தன. ஜுரம் தணியும் நாளில் கட்டிய தாயத்துக்குப் பெயர் கிடைப்பதுபோலத்தான் பல புதிய கோச்சுகளுக்கு நல்ல பெயர் கிடைக்கிறது.

மேலே சொன்ன சென்னையின் எஃப்.சி. கோச்சுகளின் பட்டியலில் ஒரு பெயர் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது: சையத் சபீர் பாஷா. சென்னைக்காரர், இந்தியாவுக்கு ஆடியவர், இந்தியன் வங்கி அணியின் கோச்சாக இருந்தவர். பாந்தோவிச் போன பிறகு 2022-இல் சீசனை முடித்துக்கொடுக்கச் சொல்லி அவரிடம்தான் பொறுப்பு வந்தது. சீசன் முடிந்ததும் மறுபடி வெளிநாட்டிலிருந்து ஒருவர். பாஷாவைத்தான் வைத்திருக்க வேண்டும் என்று இங்கே வாதாடவில்லை. ஆனால் டீக்கடையிலும் அவர் பெயர் அடிபடவில்லை என்பதை ரசிகர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். தெரிந்த முகத்தின் மேல் ஊகம் ஓடாது; அதில் கிளுகிளுப்பு இல்லை.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு வேறொரு நியமன முறை பழக்கம். ரங்கூனிலும் பினாங்கிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் வட்டிக்கடைகளுக்கு முதலாளி பெரும்பாலும் ஊரிலேயே இருப்பார். கடையை நடத்தப் போகிற ஏஜெண்டுக்குத் தவணை மூன்று ஆண்டு. பெட்டியடிப் பையனாகக் கப்பல் ஏறியவர் கணக்கு படித்து, அடுத்தாளாகி, பிறகு ஒரு நாள் மேலாளாகக் கடையைக் கையில் வாங்குவார். கணக்கு தவறாமல் ஊருக்கு வந்துகொண்டிருக்கும்; முதலாளி கேள்வி கேட்டுக் கடுதாசி எழுதிக்கொண்டே இருப்பார். ஆனால் ஒரு மாதம் வசூல் குறைந்ததற்காக ஆளைக் கப்பலேற்றித் திரும்ப அழைக்கும் வழக்கம் இல்லை. அந்த முறையிலும் குறைகள் உண்டு. பெரும்பாலும் சொந்தபந்தத்துக்குள்ளேயே சுற்றிய வட்டம் அது. அதில் மூன்று விஷயம் மட்டும் தெளிவாக இருந்தது: தவணை எவ்வளவு, அடுத்தாள் யார், கணக்கைப் பார்ப்பவர் யார்.

இந்தியக் கால்பந்தில் அண்மையில் தலையெடுத்தவர்கள் அடுத்தாள்களாக இருந்தவர்கள்தான். காலித் ஜமில் 2017-இல் மிசோரத்தின் சின்னக் கிளப்பான ஐஸ்வாலை ஐ-லீக் சாம்பியன் ஆக்கியவர். அதற்குப் பிறகும் 2021-இல் நார்த் ஈஸ்ட் யுனைடெட்டின் உதவி கோச்சாக இருந்து, மேலே இருந்தவர் நீக்கப்பட்டதும் தற்காலிகமாகத்தான் பொறுப்பேற்றார். அணியை பிளே-ஆஃப் வரை கொண்டுபோனார். 2025 ஆகஸ்ட் 1-இல் தேசிய அணிக்கு நியமிக்கப்பட்டவர் அவரே. கோவாவின் கிளிஃபோர்ட் மிராண்டா ஒடிசாவில் உதவியாளர்; 2023-இல் தற்காலிகக் கோச்சாகி சூப்பர் கோப்பையை வென்றார். 2025-இல் கோயிலுக்குப் பிறகு சென்னையின் எஃப்.சி. தேர்ந்தெடுத்தது அவரை. தற்காலிகப் பொறுப்பில் இருந்தவர்களை விட்டுவிட்டால் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர். லிவர்பூலுக்கு மூன்று ஐரோப்பியக் கோப்பை வாங்கித்தந்த பாப் பெய்ஸ்லியும் பில் ஷாங்க்லியின் உதவியாளராக இருந்தவர்தானே.

நம்மவர் என்றால் வெற்றி நிச்சயம் என்று இதைப் படித்துக்கொள்ளக் கூடாது. ஜமிலின் அணி முதலில் தஜிகிஸ்தானை வென்றது, ஓமனை பெனால்டியில் வென்றது; பிறகு மட்காவில் சிங்கப்பூரிடம் தோற்று ஆசியக் கோப்பை வாய்ப்பை இழந்தது, நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடமும் தோற்றது. கடல் தாண்டிய தமிழர் கதையும் இப்படி இரண்டு பக்கமாகத்தான் இருக்கிறது. மலேசியாவில் கே. ராஜகோபால் 2009-இல் 23 வயதுக்குட்பட்டோர் அணிக்குத் தென்கிழக்காசியப் போட்டித் தங்கத்தை வாங்கித்தந்தார். மறு ஆண்டு அதே பையன்களில் பலரைத் தேசிய அணியில் வைத்து, இந்தோனேசியாவை வீழ்த்தி, நாட்டின் முதல் சுசுகி கோப்பையையும் வென்றார். சிங்கப்பூரில் அபார ஆட்டக்காரரான வி. சுந்தரமூர்த்தி 2016-இல் பொறுப்பேற்றார், அந்த ஆண்டுச் சுசுகி கோப்பையில் அணி குழுச் சுற்றைத் தாண்டவில்லை, 2018-இல் விலகினார். ராஜகோபாலுக்குக் கீழிருந்தே வளர்த்துக் கொண்டுவர ஓர் இளைஞர் அணி இருந்தது.

நம் பக்கத்திலும் ஒரு நல்ல நியமனம் நடந்திருக்கிறது; அதிகம் பேசப்படவில்லை. 2017-18 ஐ-லீக்கில் பட்டியலின் கீழ்ப்பாதியில் முடித்த சென்னை சிட்டி, அடுத்த சீசனுக்குச் சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸைக் கூட்டிவந்தது. உலகக் கோப்பை நட்சத்திரம் அல்ல, ஷாவி அல்ல. எப்படி ஆட வேண்டும் என்ற தெளிவோடு வந்தார். ஸ்பெயினிலிருந்து பெத்ரோ மான்ஸி போன்றவர்களும், இங்கேயே வளர்ந்த பையன்களும் அந்த ஆட்டத்துக்குப் பொருந்தினார்கள். 2019 மார்ச் 9-இல் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் பின்தள்ளி, சென்னை சிட்டி சாம்பியன்.

பார்சிலோனாவில் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே அடுத்த கோச் யார் என்பது தேர்தல் வாக்குறுதியாகவே வரும். ஜெர்மனியில் பெரும்பாலான கிளப்புகளில் வாக்குரிமையின் பெரும்பகுதி உறுப்பினர் சங்கத்திடம் இருக்க வேண்டும் என்பது லீக் விதி. சென்னையின் கேலரியில் தொண்டை கிழியக் கத்தும் பி ஸ்டாண்ட் புளூஸுக்கோ சூப்பர் மச்சான்ஸுக்கோ அப்படி ஓட்டு எதுவும் கிடையாது. கூட்டமைப்பைத் திட்டினோம், ஆனால் அது எத்தனை விண்ணப்பம் வந்தது (170), கடைசியில் எந்த மூவர் மிஞ்சினார்கள் என்பதையாவது வெளியே சொன்னது. ஜமிலோடு ஸ்டீபன் கான்ஸ்டன்டைனும் ஸ்டெஃபான் டார்கோவிச்சும் இறுதிப் பட்டியலில் இருந்தது அதனால்தான் ஊருக்குத் தெரியும். ஒரு கிளப் கோச்சை எடுக்கும்போது இந்த அளவுகூடத் தெரிவதில்லை. புகைப்படத்தோடு அறிவிப்பு வரும், அவ்வளவுதான்.

ஊகத்தை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. 2025-இல் லீக்கே நடக்குமா என்று தெரியாமல், சென்னையின் உட்படச் சில கிளப்புகள் செயல்பாட்டை நிறுத்திவைத்திருந்த மாதங்களிலும் அது நிற்கவில்லை. அந்த ஆர்வத்தோடு இன்னும் சில கேள்விகளைச் சேர்க்கலாம். புதிய கோச்சை அறிமுகப்படுத்தும் நாளில் ரசிகர் குழுக்கள் செல்ஃபி எடுத்து முடித்த பிறகு கிளப் நிர்வாகத்திடம் கேட்கட்டும்: இவரைத் தேர்ந்தெடுத்த குழுவில் யார் யார்? எத்தனை சீசனுக்குக் கூட்டிவந்திருக்கிறீர்கள்? தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றால் என்ன செய்வதாக இருக்கிறீர்கள்? அவருக்குப் பக்கத்தில் நிற்கும் உதவி கோச்சுக்கு எப்போது முறை வரும்?