சபையில்லாத தலைநகர்

ஒருகொடவத்தைச் சந்தியில் சற்றுநேரம் நின்று பார்ப்போர்க்குக் கொழும்பின் செல்வம் எவ்வழியாக வருகிறதென்பது விளங்கும். துறைமுகத்துக் கொள்கலன்களைச் சுமந்த லொறிகள் ஓய்வின்றிச் செல்கின்றன. அவற்றைக் காணுந்தோறும் நமது நெஞ்சம் திருமலையை எண்ணுகிறது. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றென்று போற்றப்படுவது அது; கிழக்கு மாகாணத்தின் தலைநகரும் அதுவே. ஆனால் அங்கே தலைநகரென்ற பெயர் மட்டுமே மிஞ்சியது.

கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017 செப்டெம்பரில் முடிந்தது. உடனே தேர்தலை நடத்தாமல் எல்லை மீள்நிர்ணயம் என்றொரு சாக்கைக் கண்டுபிடித்தார்கள். அவ்வறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது நடந்த கூத்தை நாடறியும். ஆதரவாக ஒரு வாக்கேனும் விழவில்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார்! புதிய முறை பிறக்கவில்லை. பழைய முறைக்கும் வழியில்லை. ஜனாதிபதி அனுப்பிய ஆளுநர்கள் ஆண்டார்கள். ஆட்சிகள் மாறின, 2025ஆம் ஆண்டும் தேர்தலின்றியே கழிந்தது.

இதற்கிடையில் திருமலையில் நிகழ்ந்தவை அற்பமானவையா? 2022 ஜனவரியில் 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பங்கிட்டார்கள். கூட்டு நிறுவனத்துக்கு 61, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இந்திய எண்ணெய் நிறுவனத்துக்கு 14. மாகாணத்தைக் கேட்டார்களா? கேட்பதற்குத்தான் சபையே இல்லையே!

முத்துநகரின் கதை இதனினும் கொடிது. பல்லாண்டுகளாக உழுது விதைத்த வயல்கள் 2025இல் சூரிய மின்திட்டங்களுக்கென எடுக்கப்பட்டன. துறைமுக அதிகார சபையின் நிலம் என்றார்கள். கப்பல் ஏறாத வயலுக்கும் துறைமுகமென்று பெயர்! உழவர்கள் மாவட்டச் செயலகத்தின் முன்பு சத்தியாக்கிரகம் இருந்தார்கள். தாம் வாக்களித்துத் தெரிந்த மாகாண உறுப்பினர் ஒருவரின் கதவைத் தட்ட அவர்களுக்கு வழியிருக்கவில்லை.

துறைமுகம் மத்திக்குரியது, அங்கே மாகாண சபைக்கென்ன வேலையென்று சட்டம் படித்த சிலர் வினவுவர். ஒதுக்கிய நிரலில் துறைமுகம் உண்டு, நாம் மறுக்கவில்லை. விவசாயம் மாகாண நிரலில் அல்லவா இருக்கிறது? வயல் பறிபோகையில் மாகாண விவசாய அமைச்சர் ஒருவர் எழுந்து கேட்டிருக்க வேண்டாமா? சென்னைத் துறைமுகமும் டில்லியின் கையிலேதான் இருக்கிறது. எனினும் அதற்கு அண்மையிலேயே, சென். ஜோர்ஜ் கோட்டையில், தமிழ்நாட்டுச் சட்டசபை கூடுகிறது.

1956 ஓகஸ்டில் திருமலை மாநாட்டில் நாம் கேட்டது சுயாட்சி. 1987இல் கிடைத்தது அதன் நிழல். அந்நிழலையும் பூட்டிவைத்தவர்கள் சட்டச் சிக்கலென்று நம்மிடம் கதை சொல்லுகிறார்கள். பழைய விகிதாசார முறையில் தேர்தல் நடத்த ஒரு சிறு திருத்தச் சட்டம் போதும். அதை நிறைவேற்ற எத்தனை நாள் வேண்டும்?