கதவுக்கு முட்டுக் கொடுத்த கல்

எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவு காற்றடித்தால் படாரென்று சாத்திக்கொள்ளும். முட்டுக் கொடுக்க ஓர் உடைந்த குழவிக்கல் கிடக்கிறது. காலில் இடித்துக்கொள்ளும்போதெல்லாம் அதைத் திட்டுவது வழக்கம். கொஞ்ச நாளாகத் திட்டுவதில்லை, நவூருவின் ஞாபகம் வந்துவிடுகிறது.

1899இல் சிட்னியில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் இதே வேலையை ஒரு கல் பார்த்துக்கொண்டிருந்தது. பசிபிக் தீவொன்றிலிருந்து வந்த கல். மரம்தான் கல்லாகச் சமைந்துவிட்டது என்று நினைத்துக் கதவோரம் போட்டுவிட்டார்கள். அங்கே வேலை பார்த்த ஆல்பர்ட் எல்லிஸுக்கு அதன்மேல் ஒரு சந்தேகம். சோதித்துப் பார்த்தார். உயர்தரப் பாஸ்பேட்! நம் ஊரில் சூப்பர் பாஸ்பேட் என்று மூட்டை மூட்டையாக வயலில் போடுகிறார்களே, அதற்கு மூலப்பொருள். கல் வந்த தீவு நவூரு. மொத்தமே 21 சதுர கிலோமீட்டர்.

அந்தத் தீவில் 1922இல் பிறந்தவர் ஹாமர் டிரோபர்ட். ஹாமர் என்றால் சுத்தியல். ஆளும் அப்படித்தான், ஒரே இடத்தில் விடாமல் அடிப்பவர். அவர் பிறந்தபோது தோண்டுதல் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. முதல் உலகப் போரில் ஜெர்மனியிடமிருந்து கைமாறிய தீவை பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து வைத்துக்கொண்டன. வெட்டியெடுத்த பாஸ்பேட்டை உலகச் சந்தை விலைக்கு விற்கவில்லை, அடக்க விலைக்கே தங்கள் விவசாயிகளுக்குக் கொடுத்தன. ஆஸ்திரேலிய நிலம் பசுமையாயிற்று. மண்ணுக்குச் சொந்தக்காரனுக்குக் கிடைத்தது டன்னுக்குச் சில காசு.

ஹாமர் ஆஸ்திரேலியாவில் ஜீலாங் நகரில் படித்துவிட்டு ஊர் திரும்பி வாத்தியாரானார். 1942இல் ஜப்பானியர் தீவைப் பிடித்தார்கள். மறு ஆண்டு, ஏறத்தாழ 1,200 நவூருக்காரர்களைக் கப்பலேற்றி 1,600 கிலோமீட்டருக்கு அப்பால் ட்ரக் தீவுகளுக்குக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். ஹாமரும் அதில் ஒருவர். பசியிலும் நோயிலும் குண்டுவீச்சிலும் 463 பேர் இறந்துபோனார்கள். மிஞ்சிய 737 பேர் சொந்த ஊரில் கால்வைத்த நாள் 31 ஜனவரி 1946. இந்தத் தேதியை வாசகர் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1956இல் ஹாமர் நவூரு மக்களின் தலைமைத் தலைவர் ஆனார். ஏழை நாட்டின் தலைவர்கள் பெரும்பாலும் மேடையில் ஜெயிப்பவர்கள். இவர் கணக்கில் ஜெயித்தவர். என்ன விலைக்கு விற்கிறீர்கள், சந்தையில் என்ன விலை, மிச்சம் எங்கே போகிறது என்று வாத்தியார் பையனைக் கேட்பதுபோல மூன்று அரசுகளையும் திரும்பத் திரும்பக் கேட்டார்.

ஆஸ்திரேலியா ஒரு யோசனை சொன்னது. பாஸ்பேட் எப்படியும் தீரப்போகிறது, தீவு பாழாகப்போகிறது. குயின்ஸ்லாந்துக் கரையோரம் கர்ட்டிஸ் தீவைத் தருகிறோம், எல்லாரும் அங்கே வந்துவிடுங்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே போனால் அவர்கள் ஆஸ்திரேலியக் குடிமக்கள். தனி நாடு கிடையாது. ஹாமர் தலைமையில் நவூருக்காரர்கள் 1964இல் மறுத்துவிட்டார்கள். மூவாயிரம்கூடத் தேறாத ஜனம், ஒரு கண்டத்தைப் பார்த்து ‘வேண்டாம்’ என்றது. அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு செயலைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன்.

சுதந்திர நாளுக்கு அவர்கள் குறித்த தேதி 31 ஜனவரி 1968. ட்ரக்கிலிருந்து உயிரோடு திரும்பிய அதே நாள். ஹாமர் முதல் ஜனாதிபதி. அதற்கு முன்பே, 2 கோடி 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் கொடுத்துச் சுரங்கத்தை வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் போட்டிருந்தார். 1970இல் சுரங்கம் கைக்கு வந்தது.

கசப்பு இங்கே தொடங்குகிறது. நவூருவின் நடுமேடு பவளப் பாறை. பாறைத் தூண்களின் இடுக்குகளில் பாஸ்பேட் நிரம்பிக் கிடந்தது. அதைச் சுரண்டிவிட்டால் தூண்கள் மட்டும் சாம்பல் நிறத்தில் பல் பல்லாக நிற்கும். நடக்கவும் முடியாது, ஒரு வாழைக்கன்று வைக்கவும் முடியாது. சுதந்திரத்துக்கு முன்பு அந்நியர்கள் பாழாக்கியது இதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மிச்சத்தைத் தோண்டியது சுதந்திர நவூரு. ஆண்டது ஹாமர்.

அப்போது வருமான வரி கிடையாது. தலைக்கு வரும் வருமானத்தில் உலகின் முன்வரிசை. பாதி காலியாகப் பறந்த சொந்த விமானங்கள். மெல்பர்னில் 1977இல் 52 மாடி ‘நவூரு ஹவுஸ்’ எழுந்தது. பாஸ்பேட் கடற்பறவை எச்சத்திலிருந்து உண்டானது என்பதால் ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயரைப் பத்திரிகையில் எழுத முடியாது. இது வெறும் ஆடம்பரமில்லை என்பதையும் சொல்லவேண்டும். கல் தீர்ந்தபின் வாடகையில் பிள்ளைகள் பிழைக்கட்டும் என்பதே கணக்கு. வாத்தியார் போட்ட கணக்குதான், விடை வேறாக வந்தது. அவருக்குப் பின் கடன் ஏறி, 2004இல் அந்தக் கட்டடம் கைமாறியது.

உள்ளூர் அரசியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அப்போது 18 பேர் கொண்ட நாடாளுமன்றம். இரண்டு பேர் அணி மாறினால் ஆட்சி மாறும். 1976இல் இளைஞர் பெர்னார்ட் டொவியோகோ அவரை இறக்கினார். 1978இல் ஹாமர் திரும்பினார். 1986இல் இருமுறை சில நாட்கள் நாற்காலி போய் வந்தது.

கடைசிச் சுத்தியலடி அந்நியர் பாழாக்கிய நிலத்துக்காக. விசாரணைக் குழு அமைத்து, இலங்கையின் முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி கிறிஸ்டோபர் வீரமந்திரியைத் தலைவராக்கினார். அந்தக் குழுவின் அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு 1989 மே மாதம் ஆஸ்திரேலியாவின் மீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது நவூரு. வீரமந்திரி பிறகு அதே நீதிமன்றத்தில் நீதிபதியானார், இந்த வழக்கில் மட்டும் அமரவில்லை. தன் ஆட்சியில் பாழான நிலத்துக்கு ஹாமர் யார்மேல் வழக்குப் போடுவார் என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனாலும் உரிய கடனை வசூலிக்க, கடன் கேட்பவன் உத்தமனாக இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

வழக்குப் போட்ட மூன்றே மாதத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் ஹாமரின் பதவி போயிற்று. வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று நீதிமன்றம் சொன்னது 26 ஜூன் 1992இல். 15 ஜூலையில், ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில், ஹாமர் இறந்தார். அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியா வழக்குக்கு வெளியே சமாதானத்துக்கு வந்து 10 கோடி 70 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. நவூரு சார்பில் கையெழுத்துப் போட்ட ஜனாதிபதி, 1976இல் ஹாமரைக் கவிழ்த்த டொவியோகோ.