ஐந்து பாடமும் ஒரே மார்ச்சிலா?
பத்தாம் வகுப்பில் காசநோய் வந்தால் மருந்து மட்டுமே 6 மாதம். பள்ளி ஆண்டில் பாதி அதிலேயே போய்விடும். ஒரகடத்தில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் தொழிலாளியின் பிள்ளை குமட்டலோடும் சோர்வோடும் ஐந்து பாடப் பொதுத்தேர்வையும் ஒரே மார்ச்சில் எழுதத்தான் வேண்டுமா? பிரித்து எழுதவிட்டால் தரம் குறையும் என்பார்கள். தேர்ச்சிக்கு அதே 35 மதிப்பெண்தான், மாறுவது தேதி. தவறிய பாடத்தை மட்டும் துணைத்தேர்வில் எழுத மாநில வாரியமே விடுகிறது. தேசிய திறந்தநிலைப் பள்ளி 5 ஆண்டில் 9 வாய்ப்பு தருகிறது. பாடத்தை அடியோடு கைவிடச் சொல்லவில்லை. பத்தாம் வகுப்புக் கணிதமும் அறிவியலும் இல்லாமல் ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்கு ஆள் அனுப்பும் பாலிடெக்னிக்கில் கால்வைக்க முடியாது. பொய் மருத்துவச் சான்று வரும் என்ற அச்சத்துக்கு அரசு மருத்துவமனையின் சிகிச்சைப் பதிவே பதில். மார்ச்சில் மூன்று, துணைத்தேர்வில் இரண்டு என எழுதட்டும். நோயாளிப் பிள்ளைக்குத் தோல்வி முத்திரை வேண்டாம்.