கடைசி வரிசைக்கும் சொல் போய்ச் சேர வேண்டும்

நீரிழிவு, சிறுநீரக நோய், இதயப் பராமரிப்பு ஆகியவை பற்றி நம் மருத்துவமனை அரங்கில் நோயாளிகளுக்கும் குடும்பத்தினருக்குமாக விளக்கக் கூட்டங்கள் நடைபெறுகின்றன. அவற்றுக்கு வருவோரில் பெரும்பாலோர் முதியவர்கள். மருத்துவர் பேசுகிறார், அரங்கு அமைதியாக இருக்கிறது, "எல்லாருக்கும் புரிந்ததா?" என்று இறுதியில் கேட்கும்போது தலைகள் அசைகின்றன. அந்தத் தலையசைப்பை நாங்கள் முழுமையாக நம்புவதில்லை. காது மந்தமானவர்களுக்கு அது பல ஆண்டுப் பழக்கம். நூறு பேர் நடுவே "எனக்குக் கேட்கவில்லை" என்று சொல்வதைவிடக் கேட்டதுபோல் இருந்துவிடுவது எளிது. வீட்டுக்குப் போய் மகளிடமோ மருமகனிடமோ கேட்டுக்கொள்ளலாம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். துணைக்கு எவரும் இல்லாமல் வந்தவருக்கு அந்த வழியும் இல்லை.

ஆகவே எங்கள் கருத்தை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம். மக்கள் கூடும் எந்த அரங்கிலும் பேச்சாளரின் குரல் ஒலிபெருக்கி வழியாக வந்தால் மட்டும் போதாது. வேண்டுவோரின் காதுக்குள் நேரடியாகவும் அது சென்று சேர வேண்டும். அதற்கான கம்பியில்லா ஒலிபரப்பு நுட்பம் இன்று கைக்கு எட்டும் நிலைக்கு வந்துவிட்டது. அதை ஏற்பதில் மருத்துவமனைகள் மற்றவர்களுக்கு முன்னே நிற்க வேண்டும்.

இது ஒரு சிலரின் சிக்கலன்று. உலகில் சுமார் 43 கோடிப் பேருக்கு மறுவாழ்வுச் சேவை தேவைப்படும் அளவுக்குக் கேட்புக் குறைபாடு உள்ளதென உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. 60 வயதைக் கடந்தவர்களில் நால்வரில் ஒருவருக்கும் மேல் இந்நிலையில் இருக்கிறார்கள். முதியோர் நிறைந்த ஒரு மருத்துவமனைக் கூட்டத்தில் எத்தனை நாற்காலிகளில் பேச்சு பாதியாகவே போய்ச் சேரும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

ஒலிபெருக்கி ஏன் போதவில்லை?

"சத்தத்தைக் கூட்டி வைத்தால் ஆயிற்று" என்று கூட்டம் நடத்துவோர் பலர் நினைக்கிறார்கள். வயது முதிர்வால் வரும் கேட்புக் குறைபாடு எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. முதலில் மங்குபவை உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகள். உயிரொலிகள் பெருமளவு தங்கிவிடுகின்றன. சொல்லுக்குச் சொல் வேறுபாடு காட்டும் மெய்யொலிகள் பல நழுவிவிடுகின்றன. "பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார் என்பதுதான் விளங்கவில்லை" என்று முதியவர்கள் சொல்வது இதனால்தான். காலை, மாலை என்னும் இரு சொற்களையும் பிரிப்பது ஒரே ஒரு மெய்யொலி. மாத்திரை உண்ணும் வேளையைச் சொல்லும் இடத்தில் அந்த ஓர் ஒலி நழுவினால் விளைவு என்ன என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு தடை, தொலைவு. திறந்த வெளியில் தொலைவு இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலியின் அளவு 6 டெசிபல் குறைகிறது. மூடிய அரங்கிலோ சுவரிலும் கூரையிலும் பட்டு எதிரொலிக்கும் பழைய சொல், புதிய சொல்லின் மேல் விழுந்து அதை மூடிவிடுகிறது. ஒலிபெருக்கியின் அளவைக் கூட்டினால் எதிரொலியும் கூடவே கூடுகிறது.

காதொலிக் கருவி அணிந்தவர்களுக்கும் இதிலிருந்து விடுதலை இல்லை. அக்கருவியில் உள்ள சிறு மைக், அருகில் இருப்பவரின் குரலை நன்றாகப் பிடிக்கும்; சுமார் 6 அடிக்கு அப்பால் அதன் பயன் குறையத் தொடங்குகிறது. பின்வரிசையில் இருப்பவரின் கருவி மருத்துவரின் குரலோடு மின்விசிறியின் இரைச்சலையும், நாற்காலி இழுபடும் ஓசையையும், பக்கத்துக் குழந்தையின் அழுகையையும் சேர்த்தே பெருக்கித் தருகிறது. கேட்புக் குறைபாடுள்ள பிள்ளைகள் படிக்கும் வகுப்பறைகளில் ஆசிரியரின் குரல் பின்னணி இரைச்சலைவிட 15 டெசிபல் உயர்ந்திருக்க வேண்டும் என்பது செவித்திறன் வல்லுநர்கள் பரிந்துரைக்கும் அளவு. நம் அரங்குகளின் பின்வரிசைகளில் அதை எதிர்பார்ப்பது கடினம்.

காற்றில் கலந்து கெடுவதற்கு முன்பே, மைக்கில் நுழைந்த குரலைப் பிடித்துக் காதுக்கு அனுப்பிவிடுவதே இதற்குத் தீர்வு.

பழைய வழிகளும் புதிய வழியும்

இந்த எண்ணம் புதியதன்று. 1945-இல் நியூரம்பெர்க் நகரில் தொடங்கிய போர்க்குற்ற விசாரணையில் ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யம், ஜெர்மன் ஆகிய நான்கு மொழிகளிலும் நடவடிக்கைகள் உடனுக்குடன் மொழிபெயர்க்கப்பட்டன. நீதிமன்றத்தில் அமர்ந்தவர்கள் ஹெட்போன் அணிந்து வேண்டிய மொழியைத் தேர்ந்து கேட்டார்கள். பின்னர் ஐக்கிய நாடுகள் சபையிலும் பன்னாட்டு மாநாடுகளிலும் அதுவே வழக்கமாயிற்று. மொழி தெரியாதவர் என்பதற்காக ஒரு தூதர் எதையும் இழந்துவிடக் கூடாது என்று உலகம் அன்றே முடிவு செய்தது. காது கேளாதவர் என்பதற்காக ஒரு நோயாளி இழந்துவிடலாம் என்று நாம் எண்ண முடியுமா?

கேட்புக் குறைபாடு உள்ளோருக்கென வந்த முதன்மையான ஏற்பாடு 'ஹியரிங் லூப்' எனப்படும் ஒலி வளையம். அரங்கைச் சுற்றித் தரையில் பதிக்கப்படும் செப்புக் கம்பியில் பேச்சு மின்னோட்டமாகப் பாய்கிறது. அது உண்டாக்கும் காந்தப் புலத்தைக் காதொலிக் கருவிக்குள் இருக்கும் 'டெலிகாயில்' என்னும் சிறு கம்பிச்சுருள் பிடித்து மீண்டும் ஒலியாக்குகிறது. கருவியை 'டி' நிலைக்கு மாற்றினால் போதும். வேறு எதையும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. பிரிட்டனில் தேவாலயங்களிலும் நாடக அரங்குகளிலும் வங்கி முகப்புகளிலும், லண்டன் நகரின் கறுப்பு டாக்ஸிகளிலும்கூட இவ்வசதி உண்டு. காதின் படமும் 'டி' எழுத்தும் கொண்ட நீலப் பலகை அதற்கு அடையாளம். ஆனால் கட்டடத்தின் இரும்புக் கம்பிகள் காந்தப் புலத்தை வலுவிழக்கச் செய்யக்கூடும். கட்டி முடித்த அரங்கில் தரையைத் தோண்டுவதும் எளிதன்று. உருவில் சிறுத்துவிட்ட இன்றைய காதொலிக் கருவிகள் பலவற்றில் டெலிகாயிலுக்கு இடமும் இல்லை.

எஃப்.எம். அலையிலும் அகச்சிவப்புக் கதிரிலும் இயங்கும் கருவிகளும் உள்ளன. அவற்றை வாயிலில் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, முடிவில் திருப்பித் தர வேண்டும். "எனக்குக் காது கேட்காது" என்று வரவேற்பு மேசையில் அறிவித்துப் பெற வேண்டிய எந்த உதவியையும் பலர் நாடுவதில்லை.

2022-இல் புளூடூத் கூட்டமைப்பு 'ஆராகாஸ்ட்' என்ற பெயரில் அறிவித்த முறை இத்தடைகளில் பலவற்றை நீக்குகிறது. வழக்கமான புளூடூத்தில் ஒரு கைபேசியும் ஓர் இயர்போனும் முதலில் இணைசேர வேண்டும். ஆராகாஸ்டில் இணைசேர்ப்பே கிடையாது. அரங்கின் ஒலிக் கருவியோடு இணைத்த ஒரு சிறு பெட்டி வானொலி நிலையம்போல் ஒலிபரப்பும்; அதன் எல்லைக்குள் இருக்கும் எத்தனை பேர் வேண்டுமானாலும் கேட்கலாம். கைபேசியில் தோன்றும் பட்டியலிலிருந்து அரங்கின் பெயரைத் தேர்ந்தால், பேச்சு நேரே காதொலிக் கருவிக்கோ அதற்கு ஏற்ற இயர்போனுக்கோ வந்துவிடும். ஒரே அரங்கில் தமிழ் ஓர் அலைவரிசையிலும் மொழிபெயர்ப்பு இன்னொன்றிலும் போகலாம். கேட்பவர் ஒலியளவைத் தமக்கு வேண்டியபடி வைத்துக்கொள்ளலாம். அவர் கேட்டுக்கொண்டிருப்பது பக்கத்து நாற்காலிக்குக்கூடத் தெரியாது. எங்கள் கண்ணில் இதுவே அதன் தலையாய சிறப்பு.

மறுப்புரைகள்

"இந்த வசதி உள்ள கருவி எத்தனை பேரிடம் இருக்கிறது?" என்ற கேள்வி நியாயமானது. இன்று குறைவு, எல்லாக் கைபேசிகளிலும் இது வந்துவிடவும் இல்லை. ஆனால் அரங்கில் ஒலிபரப்பு இல்லாதவரை அந்த வசதிக்காக எவரும் செலவழிக்க மாட்டார். எவரும் செலவழிக்காதவரை அரங்கும் காத்திருக்கும். இந்தச் சுழலை அரங்குதான் உடைக்க வேண்டும். கருவி இல்லாதவர்களுக்காகச் சில ஏற்பிகளையும் ஹெட்போன்களையும் வாயிலில் வைக்கலாம். அவற்றை ஒவ்வொரு முறையும் துடைத்து, மின்னேற்றி வைக்கும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படைக்கவும் வேண்டும்.

"மருத்துவமனைப் பேச்சு வெளியே கசிந்துவிடாதா?" என்றும் கேட்கலாம். பொது விளக்கக் கூட்டத்தில் மறைப்பதற்கு ஏதுமில்லை. குடும்பத்தினருடன் நடக்கும் தனிப்பட்ட ஆலோசனைகளுக்கு, கடவுச்சொல் தந்தவர் மட்டும் கேட்கும்படி ஒலிபரப்பைப் பூட்டி வைக்க இம்முறையில் இடமுண்டு. அத்தகைய இடங்களில் பூட்டாமல் ஒலிபரப்பவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

செலவைப் பற்றி ஒன்று சொல்வோம். மேடை அலங்காரத்துக்கும் பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் எந்தக் கூட்டத்திலும் பணம் கிடைக்கிறது. கூட்டம் யாருக்காகக் கூட்டப்படுகிறதோ அவர் காதில் சொல் விழுவதற்கும் ஒரு பங்கு ஒதுக்குவது மிகையாகாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, காது மந்தமானவர்களையும் தன் வரையறைக்குள் கொண்டுவருகிறது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் இல்லாத மருத்துவமனையை இன்று நாம் ஏற்பதில்லை. காதுக்கும் ஒரு சாய்தளம் வேண்டும்.

செய்ய வேண்டியவை

எந்த நுட்பமும் மைக்கில் நுழைந்த குரலை மட்டுமே அனுப்பும். "என் குரல் கணீரென்று இருக்கும், மைக் வேண்டாம்" என்று பேச்சாளர் ஒதுக்கிவிட்டால், ஒலிபரப்பை நம்பி அமர்ந்தவருக்கு அவர் ஊமையாகிவிடுகிறார். அவையிலிருந்து எழும் கேள்வியை மைக்கில் திருப்பிச் சொன்ன பிறகே விடை சொல்ல வேண்டும். பணம் செலவில்லாத இவ்விரண்டையும் எந்தக் கூட்டத்திலும் இன்றே தொடங்கலாம்.

அடுத்ததாக, அரங்க வாயிலில் தெளிவான அறிவிப்புப் பலகை வேண்டும். உதவி இருப்பதை அறிவிக்காமல் வைத்திருப்பதும் இல்லாமல் இருப்பதும் ஒன்றே. திரையில் முக்கியச் செய்திகள் தமிழ் எழுத்தில் ஓட வேண்டும். எந்த ஒலியும் எட்டாதவர்களுக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டும். ஒலிபரப்பு அவருக்கு மாற்றாகாது.

குடும்பத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். பெற்றோருக்குக் காதொலிக் கருவி வாங்கும்போது விலையையும் உருவத்தையும் மட்டும் பார்க்காமல், "இதில் டெலிகாயில் உண்டா? ஆராகாஸ்ட் உண்டா, இல்லையெனில் பின்னர் சேர்க்க முடியுமா?" என்று கேளுங்கள். ஏற்கெனவே வாங்கியதில் டெலிகாயில் இருந்தும் அது இயக்கப்படாமல் இருக்கலாம். செவித்திறன் வல்லுநரிடம் காட்டிச் சரிபாருங்கள். கழுத்தில் அணியும் வளையக் கருவிகள் காந்தப் புலத்தில் இயங்குபவை. ஆதலால் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் தம் மருத்துவரைக் கேட்காமல் அவற்றை அணிய வேண்டாம்.

கூட்டத்தில் உங்களுக்குக் கேட்கவில்லையென்றால் கையை உயர்த்திச் சொல்லுங்கள். அதில் வெட்கத்துக்கு இடமில்லை. சொல்லைச் சேர்ப்பிக்கும் கடமை சொல்பவருடையது. மருத்துவர் சொன்ன வேளை காலையா மாலையா என்ற ஐயத்தோடு எவரும் இந்த அரங்கைவிட்டு எழுந்து போகக் கூடாது என்பதே எங்கள் விருப்பம்.