ஜாக்கோவின் கம்பி எல்லோருக்குமா?

ஃப்ரெட் இல்லாத எலெக்ட்ரிக் பேஸ் கிட்டாரை வாங்கியதும் பலரும் தேடி ஓடுவது பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் போட்ட கம்பியைத்தான். ரோட்டோசவுண்டின் ஸ்விங் பேஸ் 66; உருண்டைக் கம்பியை மேலே சுற்றிய ‘ரவுண்ட்வவுண்ட்’ ரகம், துருப்பிடிக்காத எஃகு. 1976-இல் வந்த அவருடைய முதல் தனி ஆல்பத்தைக் கேட்டவர்களுக்கு அந்த ஆசை வராவிட்டால்தான் வியப்பு.

ஆனால் கம்பியைப் பார்த்தவர்கள் அது அழுந்தும் மரத்தைப் பார்ப்பதில்லை. ஜாக்கோ தன் ஃபெண்டர் ஜாஸ் பேஸின் விரல்பலகைக்குப் படகுகளுக்குப் பூசும் எபாக்ஸியைப் பூசியிருந்தார். ஃப்ரெட் இல்லாதபோது கம்பி நேராக மரத்தில் பதிகிறது. விரலை அசைத்து நாதத்தை நடுங்கவைக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சுற்று அரம்போல அராவுகிறது. பூச்சில்லாத ரோஸ்வுட்டில் தடம் விழ அதிக நாள் ஆகாது. கருங்காலி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

பட்டையான நாடா சுற்றிய ஃப்ளாட்வவுண்ட் பலகையை நோகடிக்காது. டபுள் பேஸை நினைவூட்டும் கனத்த, அடங்கிய ஒலி. விலை கூடுதல்தான், வருடக்கணக்கில் உழைக்கும். என்ன, கம்பி பலகையோடு உரசிப் பிறக்கும் அந்த ‘ம்வா’ முனகல் இதில் குறைந்துவிடும். அதற்காகத்தானே பாதிப் பேர் ஃப்ரெட்டே வேண்டாமென்றது!

சுற்றியபின் மேற்புறத்தைத் தேய்த்து மழுக்கிய ‘ஹாஃப்ரவுண்ட்’ இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. பூச்சில்லாத பலகைக்காரர்கள் அங்கிருந்து தொடங்குவதே புத்திசாலித்தனம். ரவுண்ட்வவுண்டுதான் வேண்டுமென்று அடம்பிடிப்பவர்கள் நிக்கல் சுற்றியதை வாங்கலாம். எஃகைவிட மென்மையானது, மரத்தை அவ்வளவு வேகமாகத் தின்னாது.